விண்ணேறிய பிராணிகளும் முதற் சீலமும்

சில வாரங்களுக்கு முன், விக்ரோலியில் நம் அன்பர் ஒருவர் இல்லத்தில் ஞாயிறு மாலை வந்தனை முடிந்தபின், பஞ்ச சீலங்களுள் முதலாவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். வழக்கமாக இப்பேச்சு ஊன் உண்பது தகுமா தகாதா என்னும் இடத்தில் வந்து நின்று, அங்கேயே சுற்றி, தேநீர் வந்ததும் கலைந்துவிடும். அன்று அவ்வாறு நிகழவில்லை. கடைசல் பட்டறையில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் எழுந்தார்.

"ஐயா, இஸ்ரோவின் ராக்கெட்டுகளுக்கான விகாஸ் எஞ்சின்கள் நம் விக்ரோலியிலுள்ள கோத்ரெஜ் ஆலையில்தான் உருவாகி வந்திருக்கின்றன. நம் நாட்டு மனிதரை விண்ணுக்கு ஏற்றிச் செல்வதற்கென்று தேர்ந்த ராக்கெட்டிலும் அந்த வகை எஞ்சினே உள்ளது. நமக்கு இது பெருமைதான். ஆனால் மனிதருக்கு முன்னே நாயையும் குரங்கையும் ஏற்றி அனுப்பி, அவற்றின் இருதயம் என்ன பாடுபடுகிறது என்று பார்த்தார்கள் என்று படித்தேன். அது சீலத்துக்குப் பொருந்துமா?"

நாம் விடை கூறத் தொடங்குமுன், சுவரோரம் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், வட ஆர்க்காட்டிலிருந்து இளவயதில் இந்நகருக்கு வந்தவர், "தம்பி, அந்த நாய் திரும்பி வந்ததா?" என்று கேட்டார்.

"வரவில்லை, ஆயா."

"வராது என்று தெரிந்தே அனுப்பினார்களா?"

"தெரிந்தேதான்."

அம்மூதாட்டி மேலும் ஒன்றும் கேட்கவில்லை. அன்று நாம் கூறிய விடை அரைகுறையானது. வீடு திரும்பும் வழியெல்லாம் அது நமக்கே மனநிறைவளிக்கவில்லை. ஆகவே, அதனை முறையாக ஆராய்ந்து இங்கே எழுதத் துணிந்தோம்.

இருதயத்துக்கும் விண்வெளிக்கும் உள்ள தொடர்பை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். நம் உடலில் இரத்தம் ஓடும் முறையை வகுப்பதில் இருதயத்தோடு பூமியின் ஈர்ப்புக்கும் ஒரு பங்கு உண்டு. ஒருவன் நிமிர்ந்து நிற்கும்போது, இருதயத்தின் மட்டத்தில் இரத்த அழுத்தம் பாதரச அளவில் 100 மில்லிமீட்டர் என்று கொண்டால், அவன் பாதத்தில் அது 200 அளவுக்கு ஏறும். தலையில் 70 அளவுக்குத் தாழும். நீர் பள்ளம் நோக்குவதுபோல் இரத்தமும் கால்களில் தேங்க முயல்கிறது. அதைத் தேங்கவிடாமல் மேலே தள்ளுவதற்காகக் கால் தசைகளும் குழாய்களின் சுவர்களும் இருதயமும் ஓயாது உழைக்கின்றன. வெகுநேரம் குந்தியிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருளுகிறதே, அது அந்த உழைப்பு ஒரு கணம் பின்தங்கியதன் அடையாளம்.

பிராணிகளின் உடலமைப்பே இதற்குச் சான்று கூறுகிறது. ஒட்டகச்சிவிங்கி தன் நெடிய கழுத்தின் உச்சிக்கு இரத்தத்தை ஏற்ற வேண்டியிருப்பதால், அதன் இரத்த அழுத்தம் மனிதருடையதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. கால்களின் தோலோ இறுக்கிப் பிடித்த காலுறை போன்றது. பாம்புகளின் செய்தி இன்னும் வியப்பானது. மரமேறும் பாம்புகளுக்கு இருதயம் தலைக்கு அணித்தாக இருக்கிறது. நீரிலேயே வாழும் கடற்பாம்புகளுக்கு அது உடலின் நடுப்பகுதியை நோக்கித் தள்ளி இருக்கிறது. நீர் எப்பக்கமும் தாங்குவதால் கடற்பாம்பு ஈர்ப்போடு போராடத் தேவையில்லை. அதை நீருக்கு வெளியே செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தால் இரத்தம் வால்பக்கம் தேங்கிவிடும். விக்ரோலியின் கிழக்கே தாணே கழிமுகத்துச் சதுப்புக் காட்டைப் பார்த்திருக்கும் நம் அன்பர்கள், நீரிலும் மரத்திலும் வாழும் உயிர்களை ஈர்ப்பு எவ்வாறு வெவ்வேறாகச் செதுக்கியுள்ளது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

பூமியைச் சுற்றி மிதக்கும் கலத்தினுள்ளே எடை என்பது உணரப்படுவதில்லை. காலை நோக்கி இறங்க வேண்டிய இரத்தமும் நீரும் மார்பையும் தலையையும் நோக்கித் திரள்கின்றன. முகம் ஊதுகிறது; கால்கள் மெலிகின்றன. உடலோ தன்னிடம் நீர் மிகுந்துவிட்டது என்று தவறாகக் கணக்கிட்டு அதைக் குறைக்கத் தொடங்குகிறது. சில நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ குறைந்துவிடுகிறது. உழைப்புக் குறைந்த இருதயம், வேலையற்ற கையின் தசைபோல் சுருங்குகிறது. ஸ்காட் கெல்லி என்னும் அமெரிக்கர் 2015-16-ல் 340 நாட்கள் விண்ணில் தங்கித் திரும்பியபோது, அவருடைய இருதயத்தின் இடப்புற அறையின் எடை 190 கிராமிலிருந்து 139 கிராமாகக் குறைந்திருந்தது என்று 2021-ல் வெளிவந்த ஆய்வு கூறியது. அவர் நாள்தோறும் உடற்பயிற்சி செய்தும் இந்நிலை. மேலே இருக்கும் வரையில் இதனால் பெருந்தொல்லை இல்லை. தரையில் இறங்கி எழுந்து நிற்கும்போதுதான் இடர் தெரிகிறது. 1970 ஜூனில் 18 நாட்கள் சுற்றித் திரும்பிய சோயுஸ் 9 கலத்தின் ருஷ்ய வீரர் இருவரையும் பிறர் தாங்கிப் பிடித்தே வெளியே கொணர வேண்டியதாயிற்று.

1957-ல் இவற்றுள் ஒன்றும் உறுதியாகத் தெரியாது. எடையற்ற நிலையில் இருதயம் சீராகத் துடிக்குமா, இரத்தம் மூளைக்கு எட்டுமா, விழுங்கிய உணவு இறங்குமா என்று கற்றறிந்த மருத்துவர்களே ஐயுற்றனர். இதை நாம் மறவாதிருத்தல் வேண்டும். பின்னாளில் வந்தவர்கள் முன்னாளில் இருந்தவர்களைக் குறைகூறுவது மிக எளிது.

அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் ருஷ்யர் ஸ்புட்னிக் 2 கலத்தில் லைகா என்னும் பெண் நாயை ஏற்றி அனுப்பினர். அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் நம்மவரைத் தம்ம நெறியில் செலுத்தி ஓராண்டும் இருபது நாட்களும் ஆகியிருந்தன. லைகா மாஸ்கோவின் தெருக்களில் திரிந்த நாய். பயிற்சி என்ற பெயரில் அதனை வரவரச் சிறிய கூண்டுகளில், ஒரு முறைக்கு இருபது நாட்கள் வரை அடைத்து வைத்தனர். கழுத்திலுள்ள பெரிய இரத்தக் குழாயை அறுவை செய்து எடுத்து, அழுத்தத்தை அளப்பதற்கு வாய்ப்பாகத் தோலின் மடிப்புக்குள் வைத்துத் தைப்பது அந்நாள் ருஷ்ய ஆய்வுநாய்களுக்குச் செய்யப்பட்ட ஒன்று.

புறப்படுமுன் லைகாவின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 103. ராக்கெட் எழும்பியபோது 240. மூச்சு மூன்று நான்கு மடங்கு விரைந்தது. எடையற்ற நிலை எய்தியபின் துடிப்பு மெல்லத் தணிந்து 102-க்கு வந்தது. அதற்கு மூன்று மணி நேரம் பிடித்தது. தரையில் நடந்த சோதனைகளில் தணிவதற்கு ஆன நேரத்தைப்போல் இது மும்மடங்கு. இருதயம் எடையின்றியும் துடிக்கும் என்பது உறுதியாயிற்று. கலத்தின் வெப்பம் கட்டுக்கு அடங்காமல் ஏற, சில மணி நேரத்தில் லைகா இறந்தது. அது பல நாட்கள் உயிரோடிருந்ததாகவே உலகம் நாற்பத்தைந்து ஆண்டுகள் நம்பிற்று. 2002-ல் ஹூஸ்டன் நகரில் கூடிய மாநாட்டில் மலஷென்கோவ் என்னும் ருஷ்ய விஞ்ஞானியே உண்மையை வெளியிட்டார்.

அந்த 240 என்னும் எண் எதனுடைய எண்? ராக்கெட்டின் வேகம் உடலை அழுத்தியதன் எண்ணா, பேரொலியும் அதிர்வும் கண்டு வெருண்ட ஓர் உயிரின் அச்சத்தின் எண்ணா? கம்பி வழியே வந்த பதிவு இரண்டையும் பிரித்துக் காட்டாது. தணிவதற்கு மும்மடங்கு நேரமானது எடையின்மையாலா, திகிலாலா என்று லைகாவிடம் கேட்க வழியில்லை. 1961 நவம்பர் 29-ல் அமெரிக்கர் அனுப்பிய ஈனோஸ் என்னும் சிம்பன்சியின் செய்தி இதனை இன்னும் தெளிவாக்கும். அது விளக்குகளைப் பார்த்துச் சரியான நெம்பைத் தள்ளினால் தண்டனை இல்லை, தவறினால் மின்னதிர்ச்சி என்பது ஏற்பாடு. விண்ணில் கருவி பழுதானதால், சரியாகத் தள்ளிய போதும் அதற்கு அதிர்ச்சியே கிடைத்தது. எனினும் கற்றபடியே தள்ளிக்கொண்டிருந்ததாம். அதன் இரத்த அழுத்தம் மிக உயர்ந்திருந்தது கண்டு விஞ்ஞானிகள் கலங்கினர். பின்னர் ஆராய்ந்தவர்களோ, அழுத்தம் பறப்பதற்கு முன்பே உயர்ந்திருந்தது என்றும், கட்டி வைத்துப் பழக்கிய காலத்தில் பட்ட துன்பமே காரணமாகலாம் என்றும் கருதினர். விண்வெளி இருதயத்தை என்ன செய்கிறது என்று பார்க்கப் போனவர்கள், தாம் அந்த இருதயத்தை என்ன செய்திருந்தோம் என்பதையே பெரும்பாலும் கண்டார்கள்.

இனி, நம் உள்ளத்தை மிகவும் உறுத்திய செய்திக்கு வருவோம். ருஷ்யர் ஏன் தெரு நாயைத் தேர்ந்தனர்? வீட்டில் வளர்ந்த உயர்குல நாய்கள் அங்கு இல்லாமலா? மாஸ்கோவின் குளிரையும் பசியையும் தாங்கிப் பிழைத்த நாய் எதையும் தாங்கும் என்பதே அவர்கள் கூறிய காரணம். அதாவது, முன்னமே துன்புற்ற உயிர், ஆகையால் இன்னும் துன்புறத் தக்கது.

அன்பர்களே, இந்த வாதத்தை நாம் வேறெங்கும் கேட்டதில்லையா? மனிதரை நாயோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் கொள்ள வேண்டா. அவ்வொப்பீட்டை நம்மை இழிவுசெய்தோர் பலகாலம் செய்துவிட்டனர். நாம் ஒப்பிடுவது வாதத்தையே. செத்த மாட்டைச் சுமப்பதும் மலக்கூடையைத் தூக்குவதும் சுடுகாட்டில் நிற்பதும் இன்னாருக்குப் பழக்கம். அவர்களுக்கு நாற்றம் தெரியாது. அவர்கள் உடம்பு தாங்கும் என்று ஊர் கூறிற்று. முதல் நாள் கட்டாயத்தால் தாங்கியவன், மறுநாள் தாங்கவல்லவன் என்று பெயர் பெற்றான். மூன்றாம் நாள் அதுவே அவன் பிறப்பியல்பு ஆயிற்று. கையால் மலமள்ளும் வேலையில் மனிதரை ஈடுபடுத்துவதையும், காப்புக் கருவியின்றிக் கழிவுநீர்க் குழிகளில் இறக்குவதையும் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்த பிறகும், குழிக்குள் இறங்கி மூச்சடைத்து மாண்டவர்களின் செய்தி நின்றபாடில்லை. அங்கும் இறக்கியவர் வாயில் வரும் சொல் "அவனுக்குப் பழக்கம்தான்" என்பதே. தாங்கும் ஆற்றலைச் சம்மதமாக எழுதிக்கொள்ளும் இந்தக் கணக்கை நாம் நாயின் விஷயத்தில் ஒப்புக்கொண்டால், நம் விஷயத்தில் மறுப்பதற்கு எந்த நியாயம் எஞ்சும்?

ஆபுத்திரன் கதை மணிமேகலையில் வருகிறது; நம்மவர் பலரும் அறிந்ததே. வேள்விக்கென்று கொம்பில் மாலை சுற்றிக் கட்டப்பட்டிருந்த பசு அஞ்சி நடுங்குவதை அவன் கண்டான். இரவோடிரவாக அவிழ்த்துக்கொண்டு போனான். பிடிபட்டு அடியும் பட்டான். அவனுக்கு நாடி பார்க்கும் கருவி வேண்டியிருக்கவில்லை.

அவ்வாறாயின், பிராணிகளைக் கொண்டு செய்யும் ஆராய்ச்சி அனைத்தும் பாவம் என்று தீர்ப்பளித்துவிடலாமா? அது நேர்மையன்று. நாமும் நாள்தோறும் காலையில் இரத்த அழுத்த மாத்திரை ஒன்று விழுங்குகிறோம். அம்மாத்திரை நம் கைக்கு வருமுன் எலியின் உடலிலும் முயலின் உடலிலும் நாயின் உடலிலும் புகுந்துதான் வந்தது. அதை விழுங்கிவிட்டு, விஞ்ஞானிகளை மட்டும் கொடியவர் என்று தூற்றுவது அழகாகாது.

இங்கே அண்ணல் தம் இறுதி நூலில் அகிம்சையைப் பற்றி விளக்கியது நமக்கு வழிகாட்டுகிறது. பகவன் அகிம்சையை ஒரு கோட்பாடாக வைத்தாரேயன்றி, கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றும் விதியாக வைக்கவில்லை என்பது அவர் கருத்து. கொல்ல வேண்டிய தேவை வேறு. கொல்லும் விருப்பம் வேறு. விதி மனிதனைக் கட்டிவிடும். கோட்பாடோ அவனைச் சிந்திக்கச் செய்யும். தேவை உண்டா இல்லையா என்று ஒவ்வொரு முறையும் தன் அறிவைக் கொண்டு ஆராயும் சுமையை அது அவன் தோளில் வைக்கிறது. இச்சுமை இலேசானதன்று. "தேவை" என்னும் சொல்லை எவரும் எளிதில் சொல்லிவிடலாமாகையால், சொன்னவரிடம் கணக்குக் கேட்க வேண்டும்.

லைகாவின் கணக்கைக் கேட்போம். எடையின்மை இருதயத்தை நிறுத்திவிடுமா என்று அறியும் தேவை அன்று மெய்யாகவே இருந்தது. ஆனால் திரும்பி வாராத கலத்தில் ஏற்றும் தேவை இருந்ததா? 1951 ஜூலையிலேயே தெசிக், த்சிகான் என்னும் இரு நாய்கள் ராக்கெட்டில் மிக உயரம் சென்று உயிரோடு இறங்கியிருந்தன. பூமியைச் சுற்றிவரும் கலத்தைத் திரும்பக் கொணரும் வழி மட்டும் இன்னும் கைகூடவில்லை. 1960 ஆகஸ்டில் அதுவும் கைகூடிற்று. பெல்காவும் ஸ்த்ரெல்காவும் ஒரு நாள் சுற்றிவிட்டு நலமாக இறங்கின. பெல்கா நான்காம் சுற்றில் வாந்தியெடுத்துத் தவித்ததைக் கண்டே, மறு ஆண்டு ககாரினை ஒரே சுற்றோடு இறக்குவது என்று முடிவுசெய்தனர் என்பர். ஆகவே மூன்றாண்டுகள் காத்திருந்தால் அதே அறிவை, அதைவிட மேலான அறிவை, உயிரிழப்பின்றிப் பெற்றிருக்கலாம். காத்திருக்க விடாதது எது? அக்டோபர்ப் புரட்சியின் நாற்பதாம் ஆண்டு விழா நவம்பர் 7-ல் வந்தது. அதற்குள் ஒரு வியப்பு வேண்டும் என்று தலைவர் விரும்பினார். சில வாரங்களிலேயே கலம் உருவாக்கப்பட்டது. தேவை அறிவுக்குரியது, அவசரமோ விழாவுக்குரியது. லைகாவைப் பழக்கியவர்களுள் ஒருவரான காஸெங்கோ, 1998-ல், நாளாக நாளாகத் தமக்கு வருத்தம் மிகுகிறது என்றும், அந்த நாயின் சாவுக்கு ஈடாகத் தாம் கற்றது போதாது என்றும் மனந்திறந்து கூறினார். நாற்பதாண்டு கழித்தேனும் கூறினாரே என்று அவரை மதிக்கிறோம். பயணத்துக்கு முன் யாஸ்தோவ்ஸ்கி என்னும் மருத்துவர் லைகாவைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று குழந்தைகளோடு விளையாட விட்டார் என்பதையும் இங்கே குறித்தல் தகும். அவர்கள் அரக்கர்கள் அல்லர், அன்புள்ளவர்கள். இதுவே நம்மைக் கூடுதலாக அச்சுறுத்துகிறது.

அடுத்துவந்த செய்திகளைச் சுருங்கக் காண்போம். 1966 பிப்ரவரி 22 முதல் மார்ச் 16 வரை, காஸ்மாஸ் 110 கலத்தில் வெத்தெரோக், உகல்யோக் என்னும் நாய்கள் 22 நாட்கள் சுற்றின. நாய்கள் விண்ணிலிருந்த மிக நீண்ட காலம் இன்றளவும் அதுவே. தசை மெலிந்து, நீர் வற்றி, இரத்தவோட்டம் சீர்குலைந்து, நிற்கத் தடுமாறிய நிலையில் இறங்கின, பின்னர்த் தேறின. அப்போது மனிதர் 14 நாட்களே மேலே தங்கியிருந்தனர். ஆகையால் அதற்கு மேல் என்னாகும் என்று அறியும் தேவை அங்கு ஓரளவு இருந்தது என்று ஒப்பலாம். 1969 ஜூன் 28-ல் அமெரிக்கர் போனி என்னும் குரங்கை மூளையில் மின்முனைகளும் இரத்தக் குழாய்களில் நுண்குழல்களும் பதித்து, இருக்கையில் கட்டி, 30 நாட்களுக்கென்று அனுப்பினர். ஒன்பது நாட்களுக்குள் அது சோர்ந்துவிடவே அவசரமாக இறக்கினர். இறங்கிய சில மணி நேரத்தில், நீர் வற்றியதன் விளைவாக இருதயம் நின்று இறந்தது. இரத்தம் மார்பில் திரண்டதால் உடல் நீரை இழந்தது என்று ஆய்வாளர் கூற, மற்றவர் மறுக்க, விவாதம் நெடுநாள் நடந்தது. எடையின்மை, கட்டு, குழல், அச்சம் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்ட உடலிலிருந்து எந்த ஒன்றைப் பிரித்தெடுப்பது?

1996 டிசம்பரில் ருஷ்யரும் அமெரிக்கரும் பிறரும் கூடி அனுப்பிய பயான் 11 கலத்தின் குரங்குகளுக்கு எந்தத் தேவையையும் நம்மால் காண இயலவில்லை. அதற்கு ஓராண்டுக்கும் மேலாக முன்னரே, 1995 மார்ச்சில், பொல்யாகோவ் என்னும் ருஷ்ய மருத்துவர் 437 நாட்கள் விண்ணில் வாழ்ந்து, தம் உடலைத் தாமே அளந்து, தாமே நடந்து வந்துவிட்டார். அந்நிலையில் இரண்டு குரங்குகளை இரு வாரம் அனுப்பிக் கற்பதற்கு என்ன இருந்தது? முல்த்திக் என்னும் குரங்கு இறங்கிய மறுநாள், தசைத்துணுக்கு எடுப்பதற்காக மயக்கமருந்து கொடுத்தபோது இறந்தது. அதன்பின் அமெரிக்கர் அத்திட்டத்திலிருந்து விலகினர். 1959-ல் ராக்கெட்டில் சென்று நலமாகத் திரும்பிய ஏபிள் என்னும் குரங்கும் நான்கு நாட்களில், உடலில் பதித்த மின்முனையை எடுக்க மயக்கமருந்து கொடுத்தபோதே இறந்திருந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகள் இடைவெளி. சாவு ஒரே வகை.

குரங்கு என்றதும் நம் நாட்டைப் பற்றிய செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். ஏபிள் அமெரிக்காவில் பிறந்ததேயாயினும், அதன் இனம் வட இந்தியாவின் கோயில்களிலும் கடைவீதிகளிலும் திரியும் செம்முகக் குரங்கின் இனமே. அந்நாளில் இவ்வினக் குரங்குகளை ஆண்டுதோறும் ஓர் இலட்சத்துக்கு மேல் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு இந்தியா விற்றது. 1955-ல் இலண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுத் திணறி மாண்டபோது அரசு ஏற்றுமதியைச் சிறிதுகாலம் நிறுத்திற்று. போலியோ மருந்து உருவாக்க வேண்டும் என்ற காரணத்தால் மீண்டும் திறந்தது. குழந்தைகளை முடமாக்கும் நோய்க்கு மருந்து என்னும்போது தேவை கண்கூடாகத் தெரிகிறது. ஆனால் கதிர்வீச்சு ஆயுதத்தின் வலிமையை அறியவும் அக்குரங்குகள் பயன்பட்டன என்று தெரிந்தபின், 1978-ல் ஏற்றுமதி அறவே தடுக்கப்பட்டது. ஒரே பிராணி, ஒரே கப்பல். தேவை மட்டும் இடையில் மாறிவிட்டது. மாறியதை விற்றவர்கள் உடனே கவனிக்கவில்லை.

சட்டத்தின் வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெண்மணியின் பெயர் நிற்கிறது. மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகளை வதைப்பதைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொணர்ந்தார். அரசே சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு உறுதியளித்தபின் அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் சட்டம் நிறைவேறிற்று. அச்சட்டம் ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. கூடுமிடத்தெல்லாம் பிராணிகளைத் தவிர்க்க வேண்டும், வலியுணராதபடி மயக்கமருந்து கொடுக்க வேண்டும், சிறிய பிராணி போதுமாயின் பெரிய பிராணியைத் தொடக்கூடாது என்ற நெறிகளை வகுத்தது. மேற்பார்வைக் குழுவும் 1964-ல் அமைந்தது. சிறியது போதும் என்னும் நெறியில் நமக்கு முழு மனநிறைவில்லை. எலிக்கும் இருதயம் உண்டு. வாலை உயர்த்திக் கட்டித் தலைகீழாகச் சாய்த்து வைத்த எலிகளைக் கொண்டே, இரத்தம் தலைநோக்கித் திரள்வதன் விளைவுகளைத் தரையிலேயே பலகாலமாக ஆராய்கின்றனர். மூளைக்குச் செல்லும் குழாய்களின் சுவர் தடிக்கிறது, பின்னங்கால்களுக்குச் செல்லும் குழாய்கள் மெலிகின்றன என்பது அவற்றிடமிருந்து கற்றதே. 2013-ல் பயான்-எம் 1 கலத்தில் ஒரு மாதம் சென்ற 45 சுண்டெலிகளுள் பாதிக்கும் குறைவானவையே உயிரோடு திரும்பின. நாயென்றால் உலகம் கண்ணீர் விடுகிறது. எலிக்கு அஞ்சல்தலை அச்சிடுவார் இல்லை.

வேறு வழி இல்லாமலும் இல்லை. 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா ஏறக்குறைய எட்டு நாட்கள் விண்ணில் இருந்தபோது, தம் இருதயத்தின் இயக்கத்தைப் பதிவுசெய்ய இசைந்தார். யோகாசனமும் செய்து பார்த்தார். தலை கனக்கிறது, இப்போது தேவலை, இங்கே வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடிந்தது. போதும் என்றும் சொல்ல முடிந்தது. அதனால் அவர் தந்த அறிவு அறத்தால் தூயது. அறிவு என்ற அளவிலும் தெளிவானது. 2020-ல் மனித உயிரணுக்களிலிருந்து வளர்த்த இருதயத் திசுக்களை, பிராணி ஏதுமின்றி, ஒரு மாதம் விண்வெளி நிலையத்தில் வைத்து ஆராய்ந்தனர். தரையிலிருந்தவற்றை நோக்க அவற்றின் துடிப்பின் வலிமை ஏறத்தாழப் பாதியாயிற்று என்று 2024-ல் வெளியிட்டனர். அஞ்சுவதற்கு அங்கே ஓர் உயிர் இல்லை. ஆகவே எண்ணில் அச்சத்தின் கலப்பும் இல்லை. நம் நாட்டின் விண்பயணத் திட்டத்துக்கோ, மனிதர் ஏறுமுன் ஏற்றுவதற்கென்று வியோமித்ரா என்னும் பெண்ணுருவப் பொறி ஒன்றைச் செய்து 2020 ஜனவரியில் பெங்களூரில் காட்டினர். நாயோ குரங்கோ அதற்குத் தேவைப்படவில்லை.

நிக்ரோத மான் பற்றிய ஜாதகக் கதையில், முறைப்படி கொலைமேடைக்குச் செல்ல வேண்டிய சினையுற்ற பெண்மானுக்காக, மான்களின் அரசனே சென்று தலைவைக்கிறான். வேறொரு மானை அவன் அனுப்பவில்லை என்பதே அக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது.

இவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறு விக்ரோலிக்குச் சென்றோம். இளைஞரிடம், "தம்பி, எஞ்சின் செய்யும் ஊரில் வாழ்வதில் குற்றமில்லை, அதன் உச்சியில் யாரை ஏற்றுகிறார்கள், அவர் இசைந்தாரா, அந்தத் தேவை மெய்யானதா என்று கேட்பதை மட்டும் விட்டுவிட வேண்டா" என்றோம். அவர் சிறிது நேரம் எண்ணிவிட்டு, "எலிகளைப் பற்றி என்ன சொல்கிறீர்கள், ஐயா?" என்றார். ஒவ்வொரு சோதனைக்கும் தேவையின் கணக்கைத் தனித்தனியே கேட்க வேண்டும், மொத்தமாகச் சீட்டுக் கொடுக்கலாகாது என்பதற்கு மேல் நம்மால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவ்விடை அவருக்குப் போதவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நமக்கும் போதவில்லை.

பின்னர் அவர் தம் கைப்பேசியில் லைகாவின் படத்தை எடுத்து மூதாட்டியிடம் காட்டினார். ஒரு காது மடிந்து, வெள்ளை முகத்தில் கருந்திட்டு. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நம் சந்தில் படுத்திருக்குமே, அதைப்போலவே இருக்கிறது. உள்ளே சோறு ஏதாவது வைத்தார்களா?"

கூழ்போல் உறைந்த உணவு வைத்திருந்தார்கள் என்றோம்.

"தின்றதா?"

கொஞ்சம் தின்றதாகத்தான் சொல்கிறார்கள் என்றோம்.